சுருக்கம் வருவதற்கு முன்னாலேயே ஊசியா?

வழக்கமா அன்னதானம், பூ கட்டும் நேரம் இதைத்தான் இங்கே போடுவோம். இன்னைக்கு வேற விஷயம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை கோயில் சமையற்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். வாராவாரம் எங்களோடு தொண்டூழியம் செய்யும் பிள்ளை ஒருத்தி, வயது 26. "அடுத்த வெள்ளி வரமாட்டேன் அக்கா, நெத்தியில போட்டாக்ஸ் போட அப்பாயின்மென்ட் இருக்கு" என்றாள். அவள் நெற்றியில் ஒரு கோடுகூட இல்லை. "இப்பவே போட்டா பின்னாடி சுருக்கம் வராதாம்" என்றாள்.

போட்டாக்ஸ் என்பது ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு. மிக மிகக் குறைந்த அளவில் அதை மருந்தா பயன்படுத்துறாங்க. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சேதியை அது தடுத்துவிடும். தசை சுருங்காது, அதனால் தோல் மடியாது. முதலில் மாறுகண்ணுக்குத்தான் போட்டார்கள். புருவத்துக்கு நடுவில் விழும் கோட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2002-இல். ஒற்றைத் தலைவலி மாதிரி நோய்க்கு டாக்டர் சொல்லிப் போடுகிறவர்களை நாங்கள் இங்கே சொல்லவில்லை.

3, 4 மாதத்தில் மருந்தின் வேலை தீர்ந்துவிடும். வருஷத்துக்கு 3 தடவை என்றால், 26 வயதிலிருந்து 50 வயதுக்குள் 72 தடவை. பலன் இல்லையா என்றால், இருக்கலாம். 2006-இல் ஒரு மருத்துவ இதழில் இரட்டைச் சகோதரிகளைப் பற்றி எழுதினார்கள். 13 வருஷம் தொடர்ந்து போட்டவருக்குக் கோடு பதியவில்லை, ஓரிரு தடவை மட்டும் போட்டவருக்குப் பதிந்திருந்தது. ஆனா அது ரெண்டே பேர். ஃபேக்டரியில் மிஷின் தேயுறதுக்கு முன்னாடியே நாங்களும் சர்வீஸ் செய்கிறோம். அதுக்காக மிஷினை ஓடவிடாம நிறுத்தி வைப்பதை யாரும் சர்வீஸ் என்று சொல்வதில்லை. சுருக்கத்துக்குப் பெரிய காரணம் வெயிலும் சிகரெட்டும். நம்ம ஊர் வெயிலுக்குக் குடையும் சன்ஸ்கிரீனும் போதும்.

ஆனா இந்தப் பதிவை எழுதக் காரணம் ஊசி இல்லை. "ஏம்மா இந்த யோசனை?" என்று கேட்டோம். "நம்ம கோயில்லயே சாப்பாட்டு வரிசையில ஒரு ஆன்ட்டி, 'என்னடி, முகத்துல வயசு தெரியுது, இன்னும் கல்யாணம் ஆகலையா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க" என்றாள். எங்களுக்கு வாயடைத்துப் போச்சு. முதல் ஊசியை நாமதான் குத்தியிருக்கோம்.

அந்த ஆன்ட்டியை மட்டும் குறை சொல்ல முடியாது. திருவிழா முடிஞ்சு நாங்கள் போடும் படங்களைப் பாருங்க. வெள்ளையா, இளசா இருக்கும் முகங்கள்தான் முன்னால். விடிகாலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் பாட்டிமார் படத்தில் இருக்கவே மாட்டாங்க. இது எங்கள் தப்பு. இனிமேல் அவங்க படமும் வரும்.

நாம கும்பிடுற இடத்திலேயே இதுக்குப் பதில் இருக்கு. இளமை வேண்டாம், முதுமை கொடு என்று பிள்ளையாரிடம் கேட்டு வாங்கியவர் ஔவையார். அழகை உதறிவிட்டுப் பேய் உருவம் கேட்டவர் காரைக்கால் அம்மையார். அவரைத்தான் சிவபெருமான் 'அம்மையே' என்று அழைத்தார். அதுக்காக எல்லாரும் அப்படி ஆகணும்னு இல்லை. சாமி முன்னாடி முகத்துக்கு மார்க் போடுறதில்லை, அவ்வளவுதான்.

வயசு வந்த பிள்ளைகள், முடிவு அவங்களோடது. போடுறதா இருந்தா ஒன்று மட்டும் கேளுங்க. சிங்கப்பூரில் இந்த ஊசியைப் பதிவுபெற்ற டாக்டர்தான் போடலாம். டாக்டர் பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில், ஹோட்டல் அறையில் மலிவாப் போடுறேன்னு சொன்னா போகாதீங்க. கண் இமை தொங்கிப்போவது உண்டு. கண்ட மருந்தைப் போட்டால் விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமப்படும் அளவுக்குப் போகலாம். பிள்ளைத்தாய்ச்சிகள் போட வேண்டாம்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயிலுக்கு வரும் பிள்ளையிடம் நிறம், எடை, வயசு, கல்யாணம் எதையும் கேட்காதீங்க. "சாப்பிட்டியாம்மா" என்று கேளுங்க, போதும்.

அந்தப் பிள்ளை என்ன முடிவு எடுத்தாலும் அவளோட கத்தியும் பலகையும் சமையற்கட்டில் இருக்கும். இந்த வெள்ளி சாயங்காலம் காய் நறுக்க ஆள் குறையுது. தேக்கா பக்கம் வர்றவங்க எட்டிப் பாருங்க.

அம்மன் துணை.