நாற்பது ஆடுகளும் ஆறு மணி நேரமும்

பக்ரீத் நெருங்கும் வாரங்களில் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து மும்பையின் தேவ்னார் சந்தைக்கு வெள்ளாடுகள் லாரி லாரியாக வந்து இறங்குகின்றன. அஜ்மீரிலிருந்து மும்பைக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். இத்துன்பத்தை ஒரு பண்டிகையின் குற்றமாகச் சுருக்கிப் பேசுவோர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கான ஆடும் ஆண்டு முழுவதும் இதே சாலைகளில்தான் பயணிக்கிறது என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஒரு சரக்கு வாகனத்தில் 40 ஆடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. தரையில் 5 செ.மீ. கனத்துக்குக் குறையாமல் வைக்கோல் பரப்ப வேண்டும். வழியில் தீவனமும் தண்ணீரும் கிடைக்க வேண்டும். 2015இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள் ஆடு ஒன்றுக்கு 0.3 சதுர மீட்டர் இடம் கேட்கின்றன. ஆயினும் இவ்விதிகளின் மொழி கவனத்துக்குரியது. அனுப்புநர், பெறுநர், சரக்கு என்னும் வணிகச் சொற்களுக்கு நடுவில்தான் ஆடு இடம்பெறுகிறது. சரக்குக்குத் தாகம் எடுப்பதில்லை.

கால்நடை மருத்துவம் ‘அயற்சி’ என்று குறிப்பது வெறும் பயம் அன்று. ஏற்றும்போதே கார்டிசோல் உயர்கிறது. இதயத் துடிப்பு கூடுகிறது. பட்டினியும் நீரிழப்பும் உயிர் எடையைக் குறைக்கின்றன. தசையில் சேமித்த கிளைக்கோஜன் தீர்ந்த நிலையில் அறுக்கப்பட்ட ஆட்டின் இறைச்சி கருத்து, உலர்ந்து, விரைவில் கெடும். மந்தையில் வாழப் பழகிய வெள்ளாட்டைத் தனிமைப்படுத்துவதும், அறிமுகமற்ற கொம்புக் கிடாக்களோடு அடைப்பதும் இந்த அயற்சியை மேலும் பெருக்குகின்றன.

அப்படியானால் நட்டம் தெரிந்தும் நெரிசல் ஏன் தொடர்கிறது? நட்டம் ஒருவரிடம் சேராமல் சிதறிப்போவதே காரணம். வளர்த்தவர் ஊரிலேயே விலை பெற்றுக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார். லாரி வாடகை தலைக்கு இவ்வளவு என்று பங்கிடப்படுவதால், கூடுதலாக ஏறும் ஒவ்வோர் ஆடும் வியாபாரிக்குச் செலவைக் குறைக்கிறது. நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஓட்டுநருக்கோ வண்டியை நிறுத்துவது வருமான இழப்பு. அவரைக் கொடியவராகச் சித்திரிப்பதால் ஓர் ஆட்டுக்கும் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்கப் போவதில்லை.

செய்ய வேண்டியவை எளியவை. காதையும் காலையும் பற்றித் தூக்கி எறிவதற்கு மாற்றாக, வழுக்காத சாய்தளம் ஒன்று ஒவ்வொரு சந்தையிலும் இருக்கலாம். ஒரே பட்டியில் வளர்ந்தவற்றை ஒன்றாக ஏற்றலாம்; கோடையில் இரவில் பயணிக்கலாம். நெடுஞ்சாலை ஓரங்களில் தண்ணீர்த் தொட்டியும் நிழலும் உள்ள நிறுத்தங்களை அரசு அமைக்கலாம்; அங்கே நிற்கும் நேரத்துக்கும் ஓட்டுநருக்குக் கூலி உண்டு என்பதை வாடகை ஒப்பந்தமே சொல்லலாம். சோதனைச் சாவடியில் தாளைப் பார்ப்பதோடு தலைகளையும் எண்ணலாம்.

2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வெள்ளாடுகள் 14.88 கோடி. மதுரா அருகே மக்தூமில் அவற்றுக்கெனவே ஒரு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் 1979 முதல் இயங்குகிறது. குறைபாடு அறிவில் இல்லை. ஆய்வகத்துக்கும் லாரியின் பின்கதவுக்கும் இடையிலுள்ள தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவைக் குறைப்பது கால்நடை மருத்துவர்களின் பணி மட்டுமன்று. சட்டம், பொருளியல், மொழியியல் பயில்வோருக்கும் அதில் பங்குண்டு. கொல்லப்படவிருக்கும் உயிர் என்பதால் அதன் கடைசி இருபது மணி நேரம் கணக்கில் வராது என்று எந்தத் துறையும் சொல்லிவிட முடியாது.