மழைக்கு அசையாத மேசை

2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதுபோன்ற வெள்ளத்தில் முதலில் சாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை மேசைதான். ஒருமுறை ஊறினால் உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, திருகாணியையும் பிடித்து நிறுத்தாது. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துப் பழகிய மாட்டுங்காவாசிகளுக்கு இது புதிதல்ல.

தாராவியின் ஒற்றை அறை வீட்டில் ஒரு சின்ன மேசைக்கு ஓய்வே கிடையாது. சாப்பாடு, வீட்டுப்பாடம், தையல் எல்லாம் அதன்மேல்தான். அத்தனை உழைக்கும் பொருளை நல்ல மரத்தில், ஆணியை நம்பாமல், துளையும் கழுந்துமாக இணைத்துச் செய்வதே நியாயம். உளியும் கொட்டாப்புளியும் பழகாதவர்களுக்கும் இன்று அது கைகூடும். காரணம், பிட் என்ற சுழலும் அலகால் மரத்தைக் குடையும் மின்கருவியான ரௌட்டர்.

நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை சுழலும் சிறிய ரௌட்டர்கள் உண்டு. மேசைக் கால்களை இணைக்கும் சட்டம் 18 மி.மீ. கனமென்றால், துளைக்குள் நுழைய அதன் முனையில் விடும் கழுந்து அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 6 மி.மீ. காலில் அதே அளவு பிட்டால் 25 மி.மீ. ஆழத்துக்குத் துளை போடலாம். ஆனால் ஒரே மூச்சில் இறக்கக் கூடாது. மூன்று மில்லிமீட்டராகப் பல தடவை இறக்கினால்தான் பிட் கருகாது, துளையும் கோணாது. விளிம்பை இழைக்கும்போது பிட் சுழலும் போக்குக்கு எதிராகக் கருவியை நகர்த்த வேண்டும். போக்கோடு விட்டால் அது கையைப் பறித்துக்கொண்டு ஓடும். ரௌட்டர் போட்ட துளையின் இரு முனையும் வட்டமாக இருக்கும். உளியால் அதைச் சதுரமாக்குவதைவிடக் கழுந்தின் ஓரங்களை அரத்தால் உருட்டிவிடுவது எளிது.

பிறகு பசை. ஒரு காலத்தில் ஆசாரிகள் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த வச்சிரத்தைக் காய்ச்சிப் பூசினார்கள். அடுப்பில்லாமல் பூசும் வெள்ளைப் பசையான ஃபெவிகால் 1959இல் இதே மும்பையிலிருந்து வந்தது. அதைக் கொண்டுவந்த பல்வந்த் பாரேக் முன்பு ஒரு மர வியாபாரியின் அலுவலகத்தில் பியூனாக வேலை பார்த்தவர். தச்சர்களின் சிரமத்தை அருகிலிருந்து கண்டவர் என்பதை அந்தப் பசையே சொல்கிறது.

மேற்பலகையை மட்டும் பசையால் ஒட்டவே கூடாது. பச்சைத் தேக்கு முழுதாக உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் 5.8 சதவீதம் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. உலர்ந்த பலகையும் ஜூலை ஈரத்தில் அகலத்தில் விரியும், கோடையில் ஒடுங்கும். சட்டத்தோடு இறுகப் பிணைத்தால் நடுவே பிளந்துவிடும். சட்டத்தில் நீள்வாக்கான துளையிட்டு அதன்வழியே திருகினால் பலகை தன்போக்கில் நகரும். அந்த நீள்துளையையும் ரௌட்டரே போட்டுத் தரும்.

தேக்கு செலவு அதிகம் என்பவர்கள் ரே ரோடு மரக்கடைகளில் பழைய கட்டடத்து மரம் தேடலாம். உள்ளே ஆணி ஒளிந்திருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிட்டை வைக்க வேண்டும். இன்னொன்று, மரத்தூசி புற்றுநோய் வருவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. குழந்தைகள் தூங்கும் அறையில் ரௌட்டரை ஓட்ட வேண்டாம். செம்பூரில் மொட்டை மாடி இருப்பவர்கள் அங்கே போகட்டும். தாராவியில் சந்து முனையில், முகக்கவசம் கட்டிக்கொண்டு.