கருடன் நிற்கும் இடம்

பெருமாள் கோயில்களில் கருடாழ்வார் சந்நிதிக்கு எதிரே கைகூப்பி நிற்பதே வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஆண்டாள், ரங்கமன்னாருடன் கருவறைக்குள்ளேயே சேவை சாதிக்கிறார். அதற்குக் காரணம் சொல்கிறது தல வரலாறு. திருவரங்கத்தில் மகளை அரங்கனிடம் ஒப்புவித்துக் கலங்கி நின்ற பெரியாழ்வார், திருமணம் தம் ஊரிலேயே நடைபெற வேண்டுமென விண்ணப்பித்தார். பங்குனி உத்திரத்தன்று மணமகனை விரைந்து சுமந்து வந்தவர் கருடன். அந்த உதவிக்குக் கிடைத்ததே அந்த இடம். மகளைப் பிரிந்த தந்தையின் துயரில் துணைநின்றவரை வாசலோடு அனுப்பிவிடவில்லை.

இத்திருக்கோலத்தைச் சேவிப்போரில், புற்றுநோய்க்குத் தம்மவரைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. ராஜபாளையத்திலிருந்து மதுரை சுமார் 85 கிலோமீட்டர். கதிர்வீச்சுச் சிகிச்சையென்றால் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரங்கள். நோயாளியைக் கைத்தாங்கலாகப் பேருந்தில் ஏற்றியவர், இரத்தம் கொடுத்தவர், பூட்டிய வீட்டின் வாசலைப் பெருக்கிக் கோலமிட்ட பக்கத்து வீட்டு அம்மாள், ஒன்றும் பேசாமல் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உடன் அமர்ந்திருந்தவர்... இவர்களில் எவரும் கணக்கு எழுதி வைப்பதில்லை. துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு வருகிறது. யார் வீட்டுப் பாத்திரம் என்றுகூட அப்போது மனத்தில் பதிவதில்லை. ஆறுதல் மொழிகள் மறந்துபோகும். அந்தப் பாத்திரம் பின்னாளில் நினைவுக்கு வரும்.

சில துயரங்கள் முன்பின் அறியாதவர்க்கும் துணையாகிவிடுகின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் மறைந்தார். அந்தத் துக்கத்தைப் பல்லாண்டுகள் நெஞ்சில் சுமந்தே அவர் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்காக உழைத்தார். 1954இல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கியது. மறு ஆண்டு அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். தென்கோடியிலிருந்து அங்கே சென்று சிகிச்சை பெற்றவர்கள், முகம் அறியாத ஒரு தங்கைக்கும் கடன்பட்டவர்களே.

ஆண்டுத் திதி முடிந்து, குடும்பத்தார் மீண்டும் ஆண்டாள் சந்நிதிக்கு வருவர். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது வீட்டாரின் பெயர், நட்சத்திரங்களை மட்டும் சொல்லி நிறுத்துவதே பழக்கமாகிவிட்டது. கோலமிட்ட அந்த அம்மாளின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாமே! நட்சத்திரம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. ஊர் திரும்பியதும் துளசியும் குங்குமமும் கொடுக்கச் செல்லும்போது கேட்டு அறிந்துகொள்ளலாம்.