மெயில் நகராததற்கு வீட்டு நெட்டா காரணம்?

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியர் ஒருவர் விபிஎன் வழியாக அலுவலக மெயிலைத் திறக்கிறார். நாலு வரிக் கடிதம் உடனே வந்துவிடுகிறது. ஆறு எம்பி எக்செல் கோப்பை இணைத்து அனுப்பினால் மட்டும் அது அவுட்பாக்ஸிலேயே கிடக்கிறது. அதே வீட்டில், அதே வைஃபையில், பக்கத்து அறையில் யூடியூப் தடங்கலின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெல்ப்டெஸ்க்கை அழைத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "உங்க நெட் ஸ்லோ சார். ரவுட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

அளந்து பார்க்காமல் சொல்லப்படும் இந்தப் பதில் பல நேரங்களில் தவறானது. தாமதத்தின் பழி ஊழியர் தலையில் விழுகிறது. கோளாறோ நிறுவனம் அமைத்த பாதையில் இருக்கிறது. 2020 மார்ச்சில் மத்திய தொலைத்தொடர்புத் துறை வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கான விதிகளைத் தளர்த்தியபோது, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் அவசர அவசரமாக ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின. அன்று அவசரத்தில் போட்ட விபிஎன் அமைப்பை மறுபடி சோதித்துப் பார்க்காத நிறுவனங்கள் அந்தச் சோதனையை இப்போதாவது செய்ய வேண்டும்.

சிறிய மெயில் வருகிறது, பெரியது நிற்கிறது என்பதே ஒரு தடயம். இணையத்தில் தகவல் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் போகிறது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். இந்த வரம்புக்கு எம்டியு என்று பெயர். பிபிபிஓஇ முறையில் இயங்கும் பிராட்பேண்டில் அது 1492 ஆகக் குறைகிறது. விபிஎன் செய்வது, கவருக்குள் கவர் போடும் வேலை. உள்ளே இருக்கும் பாக்கெட்டைப் பூட்டி, மேலே புதிய முகவரி ஒட்டி அனுப்புகிறது. வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளில் அந்த வெளிக்கவருக்கு மட்டும் 60 முதல் 80 பைட் வரை செலவாகும். அதனால்தான் அதன் வழக்கமான எம்டியு 1420.

வெளிக்கவரோடு சேர்த்து வரம்பைத் தாண்டிய பாக்கெட்டை, வழியில் உள்ள ரவுட்டர் கீழே போட்டுவிட்டு, 'அளவு பெரிது, சிறிதாக்கி அனுப்பு' என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி என்ற வகை அறிவிப்புத் தகவல் ஒன்றை விடும். 1990இல் வெளியான ஆர்எஃப்சி 1191 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்த ஏற்பாடு இது. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் பல அலுவலக ஃபயர்வால்கள் ஐசிஎம்பியை மொத்தமாகத் தடுத்துவிடுகின்றன. தகவல் போய்ச் சேராததால், அனுப்பும் கணினி அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறது. லாகின் ஆகும், கடிதத் தலைப்புகள் தெரியும், அட்டாச்மெண்ட் மட்டும் நகராது. நெட்வொர்க் பொறியாளர்கள் இதைக் கருந்துளை என்பார்கள். 2000இல் வந்த ஆர்எஃப்சி 2923 இந்தக் கோளாறை விரிவாகவே பதிவு செய்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். பிங்குக்குப் பதில் தரும் ஓர் அலுவலக சர்வருக்கு, விபிஎன் வழியாக, துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் அளவில் பிங் அனுப்பி, பதில் வரும்வரை அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பதில் வந்த அளவோடு 28ஐக் கூட்டினால் பாதையின் உண்மையான எம்டியு. விபிஎன்னில் பதிந்துள்ள எண் அதைவிடப் பெரிதாக இருந்தால் அதைக் குறைப்பதுதான் மருந்து.

எம்டியு சரியாக இருந்தும் மெயில் மெதுவானால் பாதையின் நீளத்தைப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2015 முதல் சென்னை, புனே, மும்பையில் டேட்டா சென்டர்கள் நடத்துகிறது. அலுவலகத்தின் மைக்ரோசாஃப்ட் மெயில் பெட்டி சென்னையிலேயே இருக்கிறது, ஊழியரும் சென்னையில்தான் இருக்கிறார், விபிஎன் வாசல் மட்டும் நியூயார்க்கில் என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் சுமார் 13,500 கிலோமீட்டர். ஒவ்வொரு கேள்வியும் பதிலும் சேர்ந்து அந்தத் தூரத்தை நாலு முறை கடக்கும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும் என்பதால், ஒரு சுற்றுக்குக் குறைந்தது 270 மில்லி விநாடி. மெயில் பெட்டியைத் திறக்கப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் தேவைப்பட்டால், மூன்று விநாடி வெறும் பயணத்திலேயே போய்விடும். வீட்டில் 300 எம்பிபிஎஸ் இணைப்பு போட்டாலும் இது குறையாது.

ஊரடங்குக் காலத்தில் மைக்ரோசாஃப்டே இதற்கு வழி சொன்னது. தன் மெயில் சேவைக்கான போக்குவரத்தை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே நேராக விடலாம், மற்றவை உள்ளேயே போகட்டும் என்பதுதான் அந்த ஸ்பிளிட் டனல் யோசனை. பாதுகாப்பு போய்விடுமே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்த மெயில் இணைப்பு டிஎல்எஸ் குறியாக்கத்தோடுதான் செல்கிறது; நேராகப் போவதும் அந்தச் சேவைக்கென்று பட்டியலிட்ட முகவரிகளுக்கு மட்டும்தான். எல்லாவற்றையும் கண்காணித்தே தீர வேண்டிய வங்கிகளும் அரசு அலுவலகங்களும், குறைந்தபட்சம் விபிஎன் வாசலையாவது ஊழியர் இருக்கும் நாட்டிலேயே வைக்கலாம்.

ஹெல்ப்டெஸ்க் படிவத்தில் இன்று "ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தீர்களா?" என்பது முதல் கேள்வியாக இருக்கிறது. அந்த இடத்தில் மூன்று கேள்விகள் வர வேண்டும். விபிஎன்னை அணைத்தால் இணையம் வேகமாகிறதா? சிறிய மெயில் போய், பெரியது நிற்கிறதா? ஊழியரிடமிருந்து விபிஎன் வாசலுக்குப் போய்வர எத்தனை மில்லி விநாடி? முதல் இரண்டுக்கு ஊழியர் பதில் சொல்லட்டும். மூன்றாவதை நிறுவனமே அளந்து, படிவத்தில் எழுதி, கையெழுத்துப் போடட்டும்.