விற்ற பெட்டி திரும்பாதாம்!

மிக்ஸி கெட்டுப்போனால் நாம் சும்மா இருப்பதில்லை. பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருகிறோம். பிரஷர் குக்கரின் கைப்பிடி ஆடினாலும் அப்படியே. ஆனால் ஆசை ஆசையாக வாங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் டி.வி.டி. பெட்டியில் இரண்டு தட்டுகள் ஓடவில்லை என்றால் என்ன செய்கிறோம்? "போகட்டும், சீரியல்தானே" என்று அலமாரியில் போட்டு மூடிவிடுகிறோம். இந்தப் பெருந்தன்மை வேண்டாதது. விற்பவருக்கு மட்டுமே வசதியானது என்பது என் கருத்து.

"டி.வி.டி.யே மறைந்துகொண்டிருக்கிறது, இப்போது போய் இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சில அன்பர்கள் சிரிக்கக்கூடும். எல்லாம்தான் இணையத்தில் வருகிறதே என்றும் கேட்கலாம். இணையத்தில் இன்று இருப்பது நாளையும் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உரிமைக் காலம் முடிந்தால் ஒரே இரவில் எடுத்துவிடுகிறார்கள். பணம் கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருக்கும் தட்டுதான் நம் கையில் உள்ளது. அதுவும் ஓடாவிட்டால் என்ன மிச்சம்?

நான் சொல்ல வந்தது 'மால்குடி டேஸ்' தொடரைப் பற்றி. 1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் வந்த இத்தொடரை, நம்மில் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த நமக்கு அது ஒரு கதைத் தொடர் மட்டும் அல்ல. அதுவரை வடக்கே நாம் எல்லாரும் 'மதராஸி'. 1968இல் வந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் போட்ட தென்னிந்தியப் பாட்டு வாத்தியார் வேஷத்தைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில்தான் தேசிய ஒளிபரப்பில், இந்தி மொழியில், ஒரு தென்னாட்டுச் சிற்றூர் கேலி இல்லாமல் வந்து நின்றது. திண்ணையும் தூணும் ஓட்டுக்கூரையும், பேரனுக்குக் கதை சொல்லும் பாட்டியும், கணக்குப் போடத் திணறும் பையனும் வந்தார்கள். அண்டை வீட்டுப் பஞ்சாபிக்காரர் மறுநாள் காலையில், "உங்கள் ஊர் வீடுகள் இப்படித்தான் இருக்குமா?" என்று மரியாதையோடு விசாரித்தார். எங்கள் குடியிருப்பில் அது ஒரு புதுமை.

மால்குடி எந்த மாநிலத்துக்குச் சொந்தம் என்ற வழக்கு எனக்கு வேண்டாம். எழுதிய ஆர்.கே. நாராயண் 1906இல் சென்னையில் பிறந்து, பாட்டியிடம் வளர்ந்து, மைசூரில் வாழ்ந்து, 2001இல் சென்னையில் மறைந்தவர். இயக்கிய சங்கர் நாக் கன்னடத் திரையுலகின் செல்லப்பிள்ளை. பெரும்பகுதி படமாக்கப்பட்டது கர்நாடகத்தின் மழை ஊரான ஆகும்பேயில். சித்திரங்கள் தம்பி ஆர்.கே. லட்சுமணுடையவை. இன்றும் பலருடைய வாயில் முணுமுணுப்பாக வரும் அந்த முகப்பு இசை, எல். வைத்தியநாதன் தந்தது. சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், தகப்பனாராக கிரீஷ் கர்னாட். இத்தனை பேர் கூடி இழுத்த தேர் அது.

சங்கர் நாக் 1990 செப்டம்பரில், முப்பத்தாறு வயது நிறையும் முன்பே, சாலை விபத்தில் காலமானார். 2006இல் கவிதா லங்கேஷ் மேலும் 15 பகுதிகளை இயக்கினார் என்றாலும், சங்கர் நாக் எடுத்த 39 பகுதிகள் அந்த 39தான். இன்னொரு முறை எடுக்க ஆளில்லை. ஆகவே அவற்றைத் தட்டில் பதித்து விற்பவருக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது.

அந்தப் பொறுப்பு எப்படி நிறைவேறியது என்பதற்கு என் வீட்டு அனுபவத்தைச் சொல்கிறேன். 2012இல் கோடை விடுமுறைக்குப் பேத்தி வருகிறாள் என்று ஒரு பெட்டி வாங்கினேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அட்டை என்னவோ பட்டுப்புடவைப் பெட்டி மாதிரி இருந்தது. முதல் இரண்டு தட்டுகள் நன்றாகவே ஓடின. மூன்றாவதில், ராஜம் ஊரை விட்டுப் போகிற நேரத்தில் படம் நின்றது. பிறகு சதுரம் சதுரமாகச் சிதறியது. பிறகு திரை கறுத்தது. "தாத்தா, ராஜம் போயிட்டானா? சுவாமி அவனைப் பார்த்தானா இல்லையா?" என்று குழந்தை கேட்டாள். புத்தகத்தில் உள்ளபடி நானே சொல்லி முடித்தேன். அடுத்து ஐந்தாம் தட்டைப் போட்டால், நான்காம் தட்டில் பார்த்த கதைகளே மறுபடி வந்தன. மேலே ஒட்டிய எண் 5, உள்ளே இருந்தது 4!

கடைக்காரர் முதலில் எங்கள் பிளேயரைக் குறை சொன்னார். எங்கள் பிளேயர், பக்கத்து வீட்டுப் பிளேயர், மகனுடைய கம்ப்யூட்டர் ஆகிய மூன்றிலும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றேன். தட்டைத் துடைக்கச் சொன்னார். துடைத்தாயிற்று என்றேன். கடைசியில் தலைக்கு மேல் தொங்கிய பலகையைக் காட்டினார். விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது என்று இந்தியில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

வெளியிட்ட நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். முழுப் பெட்டியையும் என் செலவில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து வேறு பெட்டி வந்தது. ஐந்தாம் தட்டு சரியாக இருந்தது. மூன்றாம் தட்டு மட்டும் முன்பு நின்ற அதே நிமிஷத்தில், அதே நொடியில் நின்றது. மறுபடி எழுதினால், "கையிருப்பு இல்லை, அதே விலைக்கு வேறு ஏதாவது தொடரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பட்டியல் வந்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டால் பல வீடுகளில் இதே கதைதான்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. கீறல் விழுந்த தட்டு, கீறல் உள்ள இடத்தில் நிற்கும். இரண்டு வெவ்வேறு தட்டுகளில் ஒரே இடத்தில் கீறல் விழுமா? ஒரே நொடியில் நிற்கிறது என்றால், குற்றம் நம் கைப்பழக்கத்தில் இல்லை. அவர்கள் வார்த்தெடுத்த அச்சிலோ அதற்கும் முந்திய மூலப்பதிவிலோ இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அப்படியானால் அந்த அச்சில் வந்த எல்லாப் பெட்டிகளுமே பழுதுதான். ஒரே ஒரு பெட்டியை யாராவது உட்கார்ந்து முழுவதும் பார்த்திருந்தால், வெளியே அனுப்புமுன் தெரிந்திருக்கும்.

தட்டின் அமைப்பையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 12 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள டி.வி.டி., உண்மையில் 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் வட்டுகளைப் பசையால் ஒட்டியது. நடுவே மெல்லிய அலுமினியப் பூச்சு. ஒட்டு சரியில்லாவிட்டால் காற்றும் ஈரமும் புகுந்து அந்தப் பூச்சு மங்கும். உறை பிரிக்காமல் பத்திரமாக வைத்த தட்டும் இப்படிக் கெடலாம். இன்னொன்று, திணிப்பு. ஓரடுக்குத் தட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட், இரண்டடுக்கு என்றால் 8.5. ஓரடுக்கில் சுமார் இரண்டு மணி நேரப் படத்தைத் தெளிவாகப் பதிக்கலாம். செலவை மிச்சம் பிடிக்க அதிலேயே நாலைந்து மணி நேரத்தைத் திணித்தால், ஆகும்பே மழை கட்டம் கட்டமாகத்தான் பெய்யும்.

இது நம் நாட்டுக் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவின் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம், 2006 முதல் 2008 வரை தயாரான தன் டி.வி.டி.களில் சில கெட்டுவருவதை 2025இல் ஒப்புக்கொண்டது. முடிந்தவற்றுக்கு அதே படத்தை மாற்றிக் கொடுப்பதாகவும், அச்சில் இல்லாதவற்றுக்கும் உரிமை முடிந்தவற்றுக்கும் அதே மதிப்புள்ள வேறு படம் தருவதாகவும் சொன்னது. இத்தனை வருஷம் கழித்தாவது ஒப்புக்கொண்டார்களே என்று பாராட்டலாம். ஆனாலும் 'அதே மதிப்புள்ள வேறு படம்' என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். ஒரு மிக்ஸிக்குப் பதில் இன்னொரு மிக்ஸி அரைக்கும். மால்குடிக்குப் பதில் இன்னொரு தொடரைத் தருகிறேன் என்பது, உங்கள் பாட்டிக்குப் பதில் அதே வயதில் வேறொரு பாட்டியை அனுப்புகிறேன் என்பது போல.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அத்தொடரில் மால்குடி ரயில் நிலையமாக வந்தது சிவமொக்கா மாவட்டத்தில் உள்ள அரசாளு நிலையம். 2020இல் ரயில்வே அந்தப் பழைய கட்டடத்தைச் செப்பனிட்டு 'மால்குடி அருங்காட்சியகம்' ஆக்கியது. நிலையத்தைக் காப்பாற்றிவிட்டோம். அதன் வழியே ஓடிய கதை மட்டும் என் அலமாரியில் பாதியில் நிற்கிறது!

சரி, புலம்பிப் பயன் என்ன? இன்று சட்டம் நம் பக்கம் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வாணிபம் என்று அது சொல்கிறது. பில்லில் கெடு குறித்திருந்தால் அதற்குள்; குறிக்காவிட்டால் 30 நாளுக்குள். ஆக, பழுதான பொருளைப் பொறுத்தவரை கடைக்காரரின் பலகை வெறும் பலகைதான்.

ஆகவே அன்பர்களுக்கு என் யோசனைகள் இவை. பெட்டி வாங்கினால் அழகு பார்த்து அலமாரியில் வைக்காதீர்கள். பத்து நாளுக்குள் ஒவ்வொரு தட்டையும் போட்டு முதல், நடு, கடைசி மூன்று இடத்தையும் ஓட்டிப் பாருங்கள். பழுது தெரிந்தால் தட்டு எண், கதை, நிமிஷம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பிளேயரிலும் போட்டுப் பாருங்கள். வாய்ச்சண்டை வேண்டாம், கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ எழுதுங்கள். பில்லைத் தொலைக்காதீர்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்பீர்கள். ஆயிரம் பேர் அப்படிக் கேட்பதால்தான் பழுதான அச்சை யாரும் திருத்துவதில்லை.

விற்பவர்களிடம் நான் கேட்பது இரண்டே. பெட்டியை மொத்தமாகத் திருப்பச் சொல்லாமல், கெட்ட தட்டு ஒன்றை மட்டும் மாற்றித் தரும் ஏற்பாடு வேண்டும். வெளியிடும் ஒவ்வொரு பெட்டிக்கும் சில உதிரித் தட்டுகளை எடுத்து வைக்க வேண்டும். செருப்புக்கடையில்கூட ஜோடி தவறினால் மாற்றித் தருகிறார்கள்.

கெடு கடந்த பழைய பெட்டிகளை என்ன செய்வது? இங்கேதான் நம் சங்கம் உதவ முடியும். ஒரு வீட்டில் ஐந்தாம் தட்டு இருக்காது. இன்னொரு வீட்டில் இரண்டாம் தட்டு ஓடாது. இருவரும் மனம் ஒப்பிச் சங்க நூலகத்துக்குக் கொடுத்தால், இரண்டு ஓட்டைப் பெட்டிகளிலிருந்து ஒரு முழுப் பெட்டி தேறும். இதில் நகல் எடுக்கும் பேச்சே இல்லை. விலை கொடுத்து வாங்கிய அசல் தட்டுகளைத்தான் சேர்க்கிறோம். கூடவே ஓடுகிற பிளேயர் ஒன்றையும் நூலகத்தில் வைப்பது அவசியம். கடைகளில் அதுவும் அரிதாகி வருகிறது. அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்போது உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பெட்டிகளில் எந்தத் தட்டு ஓடுகிறது, எது ஓடவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நூலகப் பொறுப்பாளர்கள் அதற்கு ஒரு பதிவேடு தொடங்குவார்களாக.