தொண்டர் வேலைக்குத் தரகர் எதற்கு?

ஐக்கிய நாடுகள் சபையில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி எவராவது முன்பணம் கேட்டால், தாராவியிலும் மாதுங்காவிலும் உள்ள தமிழர்கள் அவருக்குக் கதவைச் சாத்திவிடலாம். 1970-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்படுத்திய ஐ.நா. தொண்டர் அமைப்பு இன்று ஜெர்மனியின் பான் நகரிலிருந்து இயங்குகிறது. அதற்கு மனுச் செய்யக் கட்டணம் கிடையாது. அதன் இணையதளத்தில் எவரும் நேரே பதிவு செய்துகொள்ளலாம். நடுவில் தரகருக்கு என்ன வேலை?

கிடைப்பது சம்பளமல்ல, வாழ்க்கைச் செலவுக்கான படி. தொண்டர் ஐ.நா. ஊழியராகக் கருதப்படுவதில்லை, ஒப்பந்தம் முடிந்தபின் உத்தியோகம் நிச்சயம் என்பதும் இல்லை. ஊர்க் கடனையும் தங்கையின் கல்யாணத்தையும் சுமப்பவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே மனுப் போடவேண்டும்.

அதற்காகக் குமாஸ்தாக்கள் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. டாக்டர்களும் இன்ஜினீயர்களும் மட்டுமே போகும் இடமல்ல அது. கணக்கு, கிடங்கு, கொள்முதல் பார்க்கவும் ஆள் எடுக்கிறார்கள். நிபுணத் தொண்டர் பணிக்குப் பட்டமோ தொழிற்கல்வித் தகுதியோ வேண்டும். 27 வயதும் 3 ஆண்டு அனுபவமும் வேண்டும். அந்த அனுபவத்துக்குச் சான்று தர முதலாளிகள் முகம் சுளிப்பதுதான் வேதனை. கடையானாலும் கம்பெனியானாலும், வேலை பார்த்த தேதிகளைக் குறித்து லெட்டர்ஹெட்டில் நான்கு வரி எழுதிக் கொடுக்க அவர்களுக்குக் காலணா செலவில்லை. விலகுகிற அன்றைக்கே அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.