வலி தணிக்கும் மின்னோட்டம்

அறுவை முடிந்து படுக்கைக்குத் திரும்பியவரின் முதல் சில நாட்கள் கொடியவை. இருமினால் தையல் இழுக்கும். வலிக்கு அஞ்சி இருமாதிருந்தால் நுரையீரலில் சளி தேங்கும். நடவாதிருந்தால் கால் சிரைகளில் குருதி உறையும். ஆதலின் அந்நாட்களில் வலியைத் தணிப்பதை நோயாளியிடம் காட்டும் இரக்கமாக எண்ணுதல் பிழை. அது மருத்துவத்தின் ஒரு கூறு.

இக்கடமையை மருத்துவ உலகம் பெரிதும் மார்ஃபீன் முதலிய அபினி வகை மருந்துகளிடம் ஒப்படைத்திருக்கிறது. அவற்றின் ஆற்றலை மறுப்பாரில்லை. எனினும் குமட்டல், மலச்சிக்கல், அரைமயக்கம், மூச்சுத் தளர்ச்சி ஆகியவையும் உடன் வருகின்றன. அமெரிக்காவில் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டொன்றுக்கு 80,000-க்கும் மேற்பட்டோர் அபினி வகைப் பொருள்களின் மிகையளவால் மாண்டனர். பெரும்பகுதி கள்ளச் சந்தை ஃபென்டனிலின் வேலை என்பது உண்மையே. ஆனால் அந்தப் பேரழிவின் தொடக்கத்தில் மருத்துவர்கள் தாராளமாக எழுதித் தந்த மருந்துச் சீட்டுகளும் இருந்தன. இந்தியாவின் துன்பம் வேறு வகை. அபினியை முறைப்படி பயிரிடும் இந்நாட்டில், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபீன் உரிய நோயாளிக்கே எட்டாப் பொருளாயிற்று. 2014-இல் வந்த திருத்தமும் அக்குறையை முற்றும் நீக்கவில்லை.

ஆகவே மருந்தின் சுமையைக் குறைக்கும் துணை எதுவாயினும் அதைக் கருத்தோடு ஆராய வேண்டும். தோலின்மேல் ஒட்டும் மின்முனைகள் வழியே நரம்புகளை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டும் ‘டென்ஸ்’ கருவி அத்தகைய துணை. நம் ஊர் இயன்முறை மருத்துவ நிலையங்களில் மூட்டுவலிக்காரர்கள் ‘கரண்ட் வைத்துக்கொள்ள’ வருவது இதற்கே. அறுவைக்குப் பின் இதை வெட்டின் இருபுறமும் ஒட்டுவர்.

மின்னால் வலியடக்கும் எண்ணம் புதிதன்று. ரோமப் பேரரசன் கிளாடியஸ் காலத்து மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கீல்வாதக்காரரின் காலடியில் உயிருள்ள மின்திருக்கை மீனை வைக்கச் சொன்னார். அறிவியல் விளக்கம் கிட்டியது 1965-இல்தான். ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் தண்டுவடத்தில் ஒரு வாயில் இருப்பதுபோல் வலியுணர்வு நெறிப்படுகிறது என்றனர். தொடுவுணர்வைக் கொண்டுவரும் பருத்த நரம்பிழைகள் கிளர்ந்தால், மெல்லிழைகள் கொணரும் வலி அவ்வாயிலில் தடைபடும். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தேய்த்துவிடுவதும் இதே வழிதான்.

கொள்கை நன்று. பயன் என்ன? இங்கேதான் வழக்குச் சிக்கலாகிறது. 1996-இல் வெளியான ஒரு திறனாய்வு, அறுவைக்குப் பிந்தைய வலியில் இக்கருவியைச் சோதித்த ஆய்வுகளை இரு கூறாகப் பிரித்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காத 19 ஆய்வுகளில் 17 ‘பயன் உண்டு’ என்றன. முறையாகக் குலுக்கிப் பிரித்த 17 ஆய்வுகளில் 15-இல் போலிச் சிகிச்சையை விஞ்சிய பயன் காணப்படவில்லை. ஆர்வம் எவ்வாறு கண்ணை மறைக்கும் என்பதற்கு இதனினும் கடுஞ்சான்று வேண்டுவதில்லை. பலர் அத்தோடு கருவியைக் கைவிட்டனர்.

அவசரத் தீர்ப்பு அது. 2003-இல் பியோர்டால் குழுவினர், எவரும் கேளாதிருந்த ஒரு கேள்வியைக் கேட்டனர்: செலுத்திய மின்னோட்டம் போதுமானதாக இருந்ததா? வலிமையாயினும் வலியூட்டாத அளவில், ஏற்ற அதிர்வெண்ணில் செலுத்தியதாகத் தெளிவாகக் குறித்த ஆய்வுகளில் வலிநீக்கி மருந்தின் தேவை சராசரியாக 35.5 விழுக்காடு குறைந்தது. அத்தெளிவில்லாத ஆய்வுகளில் வெறும் 4.1 விழுக்காடு. மாத்திரையில் கால் பங்கைக் கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று எவரேனும் முடிவு கட்டுவாரா? மின்னுக்கு மட்டும் அளவு வேண்டா என்று கருதினோம்!

எனினும் இக்கருவிக்கு ஓர் எல்லை உண்டு. மார்பறுவை செய்துகொண்ட 324 பேரிடம் பெனெடெட்டி குழுவினர் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. மார்பின் பின்பக்கவாட்டை அகலத் திறக்கும் அறுவையின் கடும்வலியில் மின்தூண்டல் தோற்றது. தசைகளைக் காத்துச் செய்யும் அறுவையில் மருந்துக்குத் துணையாயிற்று. நுண்துளை வழியே கருவி செலுத்திச் செய்த அறுவையிலோ தனித்தே போதுமானதாயிற்று. கடும்வலியில் துடிப்பவருக்கு மார்ஃபீனை மறுத்து இவ்வொட்டுகளைத் தருவது கொடுமை. இதயமுடுக்கி பொருத்தியவர்க்குத் தக்க மருத்துவ அறிவுரையின்றி இதைப் பயன்படுத்தலாகாது. கழுத்தின் முன்புறத்தில் ஒட்டவே கூடாது.

கருவியின் விலை மிகுதியன்று; பல மருத்துவமனைகளின் இயன்முறைப் பிரிவில் அது ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது, அதை அறுவைப் பிரிவின் படுக்கைக்குக் கொண்டுவரும் வழக்கம். ஒட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், நோயாளி ‘இப்போது வலுவாகத் தெரிகிறது, வலிக்கவில்லை’ என்னும் அளவுவரை மின்னோட்டத்தை உயர்த்தவும், உணர்வு மங்குகையில் மீண்டும் கூட்டவும் செவிலியர்க்குப் பயிற்சி தரப்பட வேண்டும். செலுத்திய அளவை மருந்தின் அளவைப் போலவே நோயாளியின் ஏட்டில் பதிய வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இதில் முன்னிற்குமாறு சுகாதாரத் துறையை வேண்டுகிறோம்.